சரிசெய்யப்பட்டவள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டிலும் சொல்வார்கள், துறையிலும் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, அது வேறு எங்கே இருந்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் திரவ இயக்கவியல் நடத்துகிறேன். பாதி வகுப்பறையில், பாதி ஆய்வகத்தில். ஆய்வகத்தின் ஒரு சுவர் நீளத்துக்கும் கண்ணாடிக் கால்வாய் ஒன்று இருக்கிறது. பம்ப்பை ஓட்டினால் அதில் தண்ணீர் சீறிக்கொண்டு வரும், ஓர் இடத்தில் திடீரென்று எழும்பி நுரைத்து அடங்கும். அந்த இடத்தைப் பிள்ளைகளே விரலால் தொட்டுக் காட்டும்வரை நான் பலகையில் ஒரு சூத்திரமும் எழுத மாட்டேன். பம்ப் ஒழுகும், தரை எப்போதும் ஈரம், என் செருப்பு எந்தக் காலத்திலும் காய்ந்ததில்லை. அந்த அறை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் நான் ஒப்பந்த விரிவுரையாளர். வருடா வருடம் கையெழுத்துப் போட்டு உயிர் பிழைக்கிற சாதி. "இதுக்கு மேல நீட்டிக்க விதியில இடமில்ல மேடம்" என்று துறைத் தலைவர் போன தடவையே கையை விரித்துவிட்டார். அந்த நேரம் பார்த்துத் துறையில் ஒரு நிரந்தர இடம் காலியானது. கிடைத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். கடைசியில் போட்டியில் மிஞ்சியது இரண்டு பேர். நானும் கான்க்ரீட்டும். கான்க்ரீட் என்பது அவர் நடத்தும் பாடம், அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. நல்ல மனிதர். என்னைப் போலவே ஒப்பந்தக்காரர். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரியில் பருவம் முடிந்ததும் மாணவர்கள் ஆசிரியர்களுக்கு ஐந்துக்கு மதிப்பெண் போடுவார்கள். கூடவே கருத்தும் எழுதுவார்கள். நியமனத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கருத்துகளைப் படித்துப் பார்த்தால் வயிறு எரியும். ஆண் ஆசிரியர் கண்டிப்பாக இருந்தால் 'கெத்து' என்று எழுதுவார்கள், நான் கண்டிப்பாக இருந்தால் 'வீட்ல ஏதோ பிரச்சினை போல' என்று எழுதுவார்கள். கணிதத் துறையில் ஒருவருக்குப் பேச்சு திக்கும். அவ்வளவு தெளிவாகப் பாடம் நடத்துகிற மனிதரின் மதிப்பெண்ணை, திக்குவதைக் கிண்டல் செய்தே பாதியாக்கினார்கள்.

இதையெல்லாம் சரிசெய்யத்தான் செயற்கை நுண்ணறிவு வந்தது. அதற்கு 'நடுவர்' என்று பெயர் வைத்தார்கள். கொண்டுவந்தவர் கணினித் துறைப் பேராசிரியர். நெறிமுறைக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. எதைக் கேட்டாலும் 'இந்தப் பக்கமும் பார்க்கணும், அந்தப் பக்கமும் பார்க்கணும்' என்பார், அதனால் தராசு என்று கூப்பிடுவோம். அவருக்கும் அது தெரியும், சிரித்துக்கொள்வார்.

"நடுவர் எல்லாக் கருத்தையும் படிக்கும்" என்று கூட்டத்தில் தராசு விளக்கினார். "பாடத்தைப் பத்தி இருந்தா விட்டுடும். குரல், முகம், உடை, சிரிக்கிறாங்களா இல்லையா, இப்படி இருந்தா அந்தக் கருத்தால எவ்வளவு மார்க் குறைஞ்சிருக்குன்னு கணக்குப் போட்டுத் திருப்பிக் குடுத்துடும். ஒரு புள்ளி கூடவும் குடுக்காது, குறைக்கவும் குறைக்காது."

நான் கைதட்டினேன். அந்த அறையில் முதலில் தட்டியவளே நான்தான். இத்தனை வருடம் கழித்து யாரோ ஒருவருக்கு, சரி, ஏதோ ஒன்றுக்கு, கண் திறந்ததே என்று இருந்தது.

முடிவுகள் வந்தன. எனக்கு நாலே முக்கால். கான்க்ரீட்டுக்கு நாலரை. துறையிலேயே நான்தான் முதல். சந்தோஷத்தில் ஒரு விநாடி குதித்தேன், பிறகுதான் பார்த்தேன். என் எண்ணின் தலைமேல் ஒரு சின்ன நட்சத்திரம், கான்க்ரீட்டின் எண்ணுக்கு இல்லை. கீழே பொடி எழுத்தில், 'இந்த மதிப்பெண் சரிசெய்யப்பட்டது.'

ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது கான்க்ரீட் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"வாழ்த்துகள் மேடம். நடுவர் உங்களுக்குக் கருணை மதிப்பெண் போட்டுடுச்சு போல!"

சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் பல்லைக் காட்டினேன். ஆனால் அந்த 'கருணை' என்ற சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மூன்று பேர் மூன்று விதமாக அதையே சொல்லிவிட்டார்கள். அலுவலகத்து எழுத்தர் அம்மா தோளைத் தட்டி, "போனாப் போகுது, கொஞ்சம் கை தூக்கிவிட்டாத்தான் என்ன, பொம்பளைங்க முன்னேற வேண்டாமா?" என்றார். அன்பாகச் சொன்னார். அந்த அன்பைத் தாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணுக்குள் பார்த்து 'இது தெரியுதா, இப்ப தெரியுதா' என்று கேட்டுக் கேட்டுப் பொறுமையின் சிகரமாகிவிட்டவர். கட்டிலில் உட்கார்ந்து ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டே கேட்டார்.

"மார்க்கைக் குறைச்சுட்டாங்களா?"

"இல்லங்க, கூட்டிட்டாங்க."

"கூட்டினதுக்கா இந்தக் குதி குதிக்கிற?"

"நானா வாங்குனதே அதிகமா இருந்தா? என் மார்க்கு எது, மெஷின் போட்டது எதுன்னு யாருக்கும் தெரியல இல்ல?"

"மொத்தம்தானே பார்ப்பாங்க. விடும்மா. கடைக்காரன் கூடுதலா நிறுத்துப் போட்டா யாராவது சண்டைக்குப் போவாங்களா?"

"தெருவே கூடி, இவ எடை கூடப் போட்டு வாங்கினவன்னு பேசுனா போவாங்க!"

நான் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்தாள். அவர் எழுந்து வந்து கதவுக்கு வெளியே நின்று, "சாப்பிட வா" என்றார். அவருக்குப் புரியவில்லை. புரியவைக்கிற தெம்பும் எனக்கு இல்லை.

மறுநாள் தராசின் அறைக்குப் போனேன். புத்தகங்களுக்கு நடுவே ஒரு நாற்காலி, அதன்மேலும் புத்தகம். எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"சார், எனக்குச் சரிசெய்யாத மார்க் வேணும்."

"அது முடியாதே மேடம். அது பாரபட்சமான மார்க். அதை வெளியிடக் கூடாதுன்னு நெறிமுறையிலேயே எழுதியிருக்கோம். வெளிய வந்தா யாராவது அதை வச்சு உங்களை எடை போடுவாங்க. உங்க நன்மைக்குத்தான்."

"சரி. எவ்வளவு கூட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"அதைச் சொன்னா கழிச்சுப் பார்த்துடலாமே. ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப நட்சத்திரத்தையாவது எடுங்க."

இந்த இடத்தில் அவருக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டது. கையைப் பிசைந்தார்.

"மேடம், ஒரு இயந்திரம் ஒரு எண்ணை மாத்தியிருந்தா, அந்த எண்ணைப் பயன்படுத்துறவங்களுக்கு அது தெரியணும். வெளிப்படைத்தன்மை. அதை விட்டா நடுவர் இருட்டுல வேலை செய்யிற மாதிரி ஆயிடும். இந்தப் பக்கமும் பார்க்கணும்..."

"அந்தப் பக்கமும் பார்க்கணும். நான் எந்தப் பக்கம் சார் நிக்கிறேன்? மாத்தினதுன்னு ஊருக்கே சொல்லுவீங்க, எவ்வளவுன்னு எனக்குக்கூடச் சொல்ல மாட்டீங்க. இது என்ன வெளிப்படை?"

அவர் தரையில் வைத்த புத்தகங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டாவது வந்திருப்பேன். நல்லவர்களிடம் சிக்கிக்கொண்டால் சண்டைகூடப் போட முடிவதில்லை.

நேர்முகத் தேர்வு வந்தது. நீள மேசை, அதற்கு அந்தப் பக்கம் துறைத் தலைவரும், வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியையும், இன்னும் இரண்டு பேரும். பாடத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பேராசிரியை இரண்டு முறை தலையாட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் தலைவர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாணவர் மதிப்பீடு... உங்களுக்கு நாலேகால்னு எடுத்துக்கிட்டோம்."

"சார், நாலே முக்கால்."

"அது சரி. நட்சத்திரம் இருக்கில்ல? எப்படியும் ஒரு அரை மார்க்காவது ஏத்தியிருக்கும். அதைக் கழிச்சுட்டுத்தான் பார்க்கிறோம். நட்சத்திரம் உள்ள எல்லாருக்கும் ஒரே மாதிரி. யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது."

"அரைன்னு யார் சார் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஒரு உத்தேசம்தான்."

நான் பேராசிரியையைப் பார்த்தேன். அவரும் ஒரு பெண், அவருக்கும் அந்தக் காலத்தில் இப்படி யாராவது ஏதாவது எழுதியிருப்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான்லாம் எந்த உதவியும் இல்லாமத்தான் மேல வந்தேன்" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்லியிருந்தாலும் எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறவள் என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கும். எழுந்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். ஆத்திரத்தில்தான்.

தேர்வுக்குழு கான்க்ரீட்டைப் பரிந்துரைத்தது. இனி ஆட்சிக்குழு ஒப்புதல் தர வேண்டும், அது ஒரு கையெழுத்துதான். கான்க்ரீட் என்னைத் தேடி ஆய்வகத்துக்கு வந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் ஒழுகுகிற பம்ப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "போங்க சார், உங்க தப்பு என்ன இருக்கு" என்று நான்தான் அவரைத் தேற்றி அனுப்பினேன். நம் தலையெழுத்து, ஆறுதலும் நாமே சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு நாள் கழித்துத் தராசு வந்தார். ஆய்வகத்தில் யாரும் இல்லை. கால்வாயை வடியவிட்டுக்கொண்டிருந்தேன். ஈரத்தில் வழுக்கிவிடாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அரை கழிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். தூக்கமே வரல மேடம். அதான் பார்த்துட்டேன். பார்க்கக் கூடாது, ஆனா பார்த்துட்டேன்."

"எவ்வளவு?"

"ஒரு மார்க்குல நூறுல ஒரு பங்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் மென்று விழுங்கிக்கொண்டு விளக்கினார். அத்தனை மாணவர்களில் ஒரே ஒரு பையன் 'மேடம் குரல் கீச்சுன்னு இருக்கு' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறான். நடுவர் அதை மட்டும் நேராக்கியிருக்கிறது. ஒரு துளி கூட்டினாலும் நட்சத்திரம் விழும், அதுதான் விதி. மற்ற பிள்ளைகள் எல்லாரும் கால்வாயைப் பற்றி, சூத்திரத்தைப் பற்றி, ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் நான் முகம் சுளிக்காமல் விளக்கியதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் கண்டிப்பு என்றும் எழுதியிருக்கிறார்கள், நல்ல அர்த்தத்தில்.

ஆக, இயந்திரம் தொடவே இல்லை என்றாலும் நான்தான் முதல். பிள்ளைகள் தந்த இடம். அதை நினைத்து அழுவதா, சிரிப்பதா?

"குழுவுல சொன்னீங்களா?"

"சொல்லக் கூடாதே."

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"உங்களுக்கு ஒரு நிம்மதியா இருக்கும்னு..."

"நிம்மதியா!" என்று நான் கத்தியது அந்த ஆய்வகம் முழுக்க எதிரொலித்தது. குரல் கீச்சென்றுதான் இருந்தது. "என் வேலை போகுது சார். உங்க கையில இருக்கிற ஒரு எண்ணை ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தா போயிருக்காது. நிம்மதியாம்!"

தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு, வந்த இன்னொரு காரியத்தையும் சொன்னார். நடுவரின் முதலாண்டு வெற்றியைக் கொண்டாட விழா வைத்திருக்கிறார்களாம். ஆண், பெண் ஆசிரியர்களுக்கு இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி பாதியாகிவிட்டதாம். ஆட்சிக்குழு முழுக்க வருகிறதாம். பயன்பெற்ற ஒருவர் பேச வேண்டுமாம். துறைத் தலைவர் என் பெயரைச் சொல்லியிருக்கிறாராம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கால்வாயைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அப்புறம்தான் உறைத்தது. ஆட்சிக்குழு வருகிறது. கையெழுத்து இன்னும் போடவில்லை.

"பேசுறேன். ஆனா எண்ணைச் சொல்லுவேன். உங்களுக்குப் பிரச்சினை வரும்."

அவர் மேசையை விட்டுக் கையை எடுத்தார். எந்தப் பக்கத்தையும் பார்க்கவில்லை. "சொல்லுங்க" என்றார்.

விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் நடுவரைப் பற்றிப் படம் காட்டினார்கள். இறங்குமுகமாக ஒரு கோடு, அது இறங்க இறங்கக் கைதட்டல். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நடுவரால் உயர்ந்தவர்" என்று அறிமுகப்படுத்தினார்.

நான் எழுதிவைத்துப் பேசவில்லை. நடுவர் வேண்டும் என்றேன். அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது என்றேன். "அது எனக்குக் கூட்டினது நூறுல ஒரு பங்கு. நீங்க உத்தேசமா கழிச்சது அரை. அது இல்லாமலே நான்தான் முதல். அதைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. அவ்வளவுதான் கேக்குறேன்."

முதல் வரிசையில் தராசு எழுந்து, "அவங்க சொன்ன எண் சரி. நான்தான் பார்த்துச் சொன்னேன்" என்றார். அந்த ஒரு நொடி, ஆகிவிடும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

ஆட்சிக்குழுத் தலைவர் இன்னொரு ஒலிவாங்கியை வாங்கினார். பெரிய மனிதர், மென்மையாகப் பேசுவார்.

"நல்லாப் பேசுனீங்கம்மா. ஒரே ஒரு சந்தேகம். இந்த நூறுல ஒரு பங்குங்கற கணக்கைப் போட்டது யாரு?"

"நடுவர்தான் சார்."

"ஓ, அதுதானே." சிரித்தார். "அப்ப அதையும் கொஞ்சம் முன்னப்பின்னதான் எடுத்துக்கணும்."

அரங்கம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஒரு இறுக்கம் தளர்ந்தது என்று சிரித்தார்கள். விழாவுக்கு அழைத்திருந்த அந்த வெளிப் பேராசிரியையும் சிரித்தார். நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எந்த எண்ணைச் சொன்னாலும் இவர்கள் இப்படித்தான் ஒரு கை கிள்ளிக்கொண்டு வாங்குவார்கள் என்று தெரிந்த பிறகு என்ன பேசுவது?

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். கூட்டத்தில் வாய் திறந்தே நான் பார்த்ததில்லை.

"முன்னப்பின்னன்னா எவ்வளவு சார்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கண்ணாடி போடுறவன் நான். கால் பவர் மாறுனாக்கூட ஆளுக்குத் தலைவலி வந்துடும். அதான் கேக்குறேன். எவ்வளவு கழிப்பீங்க? காலா, அரையா? எதை வச்சு?"

"சார், உட்காருங்க" என்றார் துறைத் தலைவர்.

"உட்காருறேன். எவ்வளவுன்னு சொல்லுங்க, உட்காருறேன்."

காது மடல் சிவக்க நின்றார். அறிவிப்பாளர் அடுத்த நிகழ்ச்சியைச் சொன்னார், யாரோ தேநீர்க் கோப்பைகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

அன்று மாலையே ஆட்சிக்குழு கான்க்ரீட்டுக்குக் கையெழுத்துப் போட்டது. தராசை நெறிமுறைக் குழுவிலிருந்து விலகச் சொன்னார்கள். செய்தி பஸ் நிறுத்தத்திலேயே எனக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் என் வீட்டுக்காரர் அடங்கவில்லை.

"அத்தனை பேர் படிச்சவங்க. எவ்வளவுன்னு ஒருத்தன் சொன்னானா பாரு. சொல்ல மாட்டேங்கறான். எதுக்கு மறைக்கிறான்?"

"மறைக்கலங்க" என்றேன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "மெஷின் எவ்வளவு கூட்டுச்சுன்னு அதுக்குத் தெரியும், கேட்டா சொல்லும். இவங்க நம்மகிட்ட எவ்வளவு கழிக்கிறாங்கன்னு இவங்களுக்கே தெரியாதுங்க."